என் பேச்சு ஏன் மாறியது? கேட்ட பிள்ளைகளுக்கு ஒரு பதில்



"சார், உங்க பேச்சு ஏன் இப்படி ஆயிடுச்சு? பக்கவாதம் ஏதாவது வந்துச்சா?" என்று உள்பெட்டியில் பலர் கேட்டுவிட்டீர்கள். போட்டோவில் கழுத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு, தைராய்டு ஆபரேஷனா என்று கேட்டவர்களும் உண்டு. தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான். +2 விலங்கியல் என்னிடம் படித்தவர்கள் இதை விட்டுப்போன ஒரு பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை கிடையாது, பயப்படாமல் படிக்கலாம்.

பக்கவாதம் இல்லை, தைராய்டும் இல்லை. 2023-இல் எனக்கு நாக்கில் புற்றுநோய் வந்தது. நாக்கின் இடது பக்கத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, தொடைச் சதையை வைத்துத் தைத்திருக்கிறார்கள். கழுத்துத் தழும்பு, அங்கிருந்த நெறிக்கட்டிகளை எடுத்ததால் வந்தது. இப்போது நன்றாக இருக்கிறேன். இட்லி, குழைந்த சோறு, மீன் குழம்பு எல்லாம் இறங்குகிறது. முறுக்கு மட்டும் இன்னும் சவால்தான்.

நாக்குப் புற்றுநோய் நம் ஊருக்குப் புதிதில்லை. என் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்களில் பலருக்குத் தெரியாது. 2009-லிருந்து என் உடம்பில் வேலை செய்வது என் தங்கையின் சிறுநீரகம். பட்டுக்கோட்டை அத்தை என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்கிறீர்களே, அவள் கொடுத்தது. உறுப்பு மாற்றிக்கொண்ட ஒருவருக்குத் தலையிலோ கழுத்திலோ பெரிய அறுவை செய்வதென்றால், அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கொஞ்சம் பாடத்துக்குப் போவோம். நம் உடம்பில் வெள்ளை அணுக்கள் என்ற காவலர்கள் இருக்கிறார்கள் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு வெளியாள் என்றால் ஆகாது. கிருமி வந்தாலும் அடிப்பார்கள், தங்கை அன்போடு கொடுத்த சிறுநீரகம் வந்தாலும் அடிப்பார்கள். பாசம் கீசம் எல்லாம் அவர்களுக்குத் தெரியாது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசப் முரே என்ற மருத்துவர் முதன்முதலாக வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையைச் செய்தபோது, கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே அச்சாகப் பிறந்த இரட்டையர்கள். அதனால் காவலர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. காவலர்களை மருந்து கொடுத்து மயக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க.

அந்த மருந்துகளில் பல மண்ணிலிருந்து வந்தவை என்பது விலங்கியல் வாத்தியாருக்கு ரொம்பப் பிடித்த செய்தி. சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டுப் பீடபூமி மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. நான் சாப்பிடும் டாக்ரோலிமஸ், 1984-இல் ஜப்பானில் சுகுபா மலைப் பக்கத்து மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து இன்னொன்று, சிரோலிமஸ். அந்தத் தீவின் சொந்தப் பெயர் ராபா நூயி. அதை வைத்துத்தான் மருந்துக்கு முதலில் ராபமைசின் என்று பெயர் வைத்தார்கள். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே சிறுநீரக மாற்று அறுவை நடந்துவிட்டது. நான் பதினான்கு வருடம் காலை எட்டு, இரவு எட்டு என்று மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்பெடுத்தேன், ஓய்வு பெற்றேன், பேத்தியைத் தூக்கினேன் என்றால், அது இத்தனை பேர் உழைப்பு.

காவலர்களைத் தூங்க வைப்பதற்கு ஒரு விலை உண்டு. உடம்பில் தினமும் கோணல்மாணலாக ஏதாவது செல் உருவாகிக்கொண்டுதான் இருக்கும். விழித்திருக்கும் காவலர்கள் அதைப் பார்த்த இடத்திலேயே முடித்துவிடுவார்கள். தூங்குகிற காவலர்கள் முடிக்க மாட்டார்கள். அதனால் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. வெள்ளைத் தோல்காரர்களுக்கு முகம், காது, உச்சந்தலை என்று வெயில் படும் இடங்களில் தோல் புற்றுநோய் நிறைய. உதடும் வாயும் அந்தப் பட்டியலில் உண்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி எதையும் நான் தொட்டதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஸ்டாஃப் ரூமில் அதற்காகக் கேலியே நடக்கும். எனக்கும் வந்தது.

2023 பொங்கல் முடிந்த வாரம், நாக்கின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் புண். கடைவாய்ப் பல் உரசுகிறது என்று பல் மருத்துவர் பல்லை ராவிவிட்டு, "ரெண்டு வாரத்துல ஆறணும் சார். ஆறலைன்னா உடனே வாங்க" என்றார். ஆறவில்லை. வலியும் பெரிதாக இல்லை. பதினைந்தாம் நாள் போய் நின்றேன். பயாப்ஸி எடுத்தார்கள். அடுத்த வாரம் முடிவு வந்தது.

அதற்குப் பிறகு சென்னை. அங்கே ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு டாக்டர்கள் உட்கார்ந்து என் வழக்கைப் பேசினார்கள். தலை கழுத்து அறுவை நிபுணர், சதை எடுத்து வைத்துச் சீரமைக்கும் பிளாஸ்டிக் சர்ஜன், கதிர்வீச்சு மருத்துவர், புற்றுநோய் மருந்து கொடுப்பவர், மயக்க மருந்து மருத்துவர், பதினான்கு வருடமாக என்னைப் பார்த்துவரும் சிறுநீரக மருத்துவர். மற்ற எல்லோரும் நாக்கைப் பார்த்தார்கள். அவர் ஒருவர்தான் தங்கையின் சிறுநீரகத்துக்கு வக்கீலாக உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு வழியிலும் ஒரு முள் இருந்தது. தலை கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்கேனில் ரத்தக் குழாய் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்தைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். புதிதாக வந்திருக்கும் இம்யூனோதெரபி என்ற வைத்தியம் இருக்கிறதே, அது தூங்கும் காவலர்களைத் தட்டி எழுப்பும் வைத்தியம். எழுந்த காவலர்கள் புற்றுநோயை அடிப்பார்கள். கூடவே சிறுநீரகத்தையும் அடித்துவிடக்கூடும்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1990-இல் முரேக்கு நோபல் பரிசு கொடுத்தது, வெளியாள் உறுப்பை உடம்பில் வாழ வைத்ததற்கு. 2018-இல் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் டசுகு ஹோன்ஜோவுக்கும் நோபல் கொடுத்தது, புற்றுநோயை அடிக்கக் காவலர்களின் கட்டை அவிழ்த்துவிடும் வழியைக் காட்டியதற்கு. இரண்டும் மனித குலத்துக்குக் கிடைத்த வரம். என் ஒரு உடம்புக்குள் இரண்டு நோபலும் எதிரெதிரே நின்றன. இன்னொரு செய்தி, முரே அடிப்படையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். உலகப் போரில் தீக்காயம் பட்ட வீரர்களுக்குத் தோல் ஒட்டும்போதுதான் உடம்பு ஏன் அடுத்தவர் தோலை ஏற்பதில்லை என்ற கேள்வி அவருக்கு வந்தது. பிற்காலத்தில் மாற்று அறுவையை விட்டுவிட்டு முகச் சீரமைப்பு அறுவைக்கே திரும்பிவிட்டார். சிறுநீரகம், நாக்கு என்ற என் இரண்டு பாட்டையும் அந்த ஒரு மனிதரே தன் வாழ்க்கையில் பார்த்திருக்கிறார் என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் நினைத்துக்கொள்வேன்.

முடிவாக, அறுவைதான் முதல் வழி என்றார்கள். நோய் மிச்சமிருந்தாலோ திரும்பி வந்தாலோ எதிர்ப்பு அடக்கும் மருந்துகளை நிறுத்த வேண்டி வரலாம். சிறுநீரகம் போகும், டயாலிசிஸுக்குத் திரும்ப வேண்டும். இதைச் சிறுநீரக மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "இப்பவே யோசிச்சு வச்சுக்குங்க சார்" என்றார்.

எனக்கு நாக்கு போவதைவிட அதுதான் உறுத்தியது. அவள் உடம்பைக் கிழித்துக் கொடுத்ததை நான் எப்படி நிறுத்தச் சொல்வது? அன்றைக்கு அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், மாமியார் வீட்டில் ஆயிரம் பேச்சு. அத்தனையையும் தாண்டிக் கொடுத்தாள். போனில் சொல்ல வாய் வரவில்லை. என் மனைவிதான் சொன்னாள். மறுநாள் காலை பட்டுக்கோட்டையிலிருந்து நேராக வந்து நின்றாள்.

"அண்ணே, நான் கிட்னியக் காப்பாத்தவா உன்கிட்ட குடுத்தேன்? உன்னக் காப்பாத்தத்தானே குடுத்தேன். அது இருந்தா இருக்கட்டும், போனா போவட்டும். நீ இரு."

சொல்லிவிட்டு, கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து ரசம் சாதம் பிசைய ஆரம்பித்துவிட்டாள். நான் படித்த எம்.எஸ்ஸி.யில் அந்தத் தெளிவு கிடைக்கவில்லை.

அடுத்தது, எங்கிருந்து சதை எடுப்பது என்ற கேள்வி. நாக்கின் ஒரு பக்கத்தை எடுத்தால் அந்தப் பள்ளத்தை நிரப்ப மெல்லிய, வளைகிற சதை வேண்டும். முன்கையின் உள்பக்கத் தோலை அதன் ரத்தக் குழாயோடு எடுத்துக் கழுத்துக் குழாயில் இணைப்பது நல்ல வழியாம். என் இடது முன்கையில் டயாலிசிஸ் காலத்தில் போட்ட ஃபிஸ்டுலா இருக்கிறது. சிரையையும் தமனியையும் இணைத்த இடம் அது. வகுப்பில் சில வால் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து, "சார், உள்ள வண்டு கத்துது" என்பார்களே, அதேதான். அதைத் தொடக் கூடாது. வலது கை எழுதுகிற கை. நாளைக்கு மறுபடி டயாலிசிஸ் என்றால் அந்தக் கையின் குழாய்களும் தேவைப்படும். ஆக இரண்டு கையும் கூடாது.

தொடை என்று முடிவானது. அதிலும் எந்தத் தொடை? மாற்றிய சிறுநீரகம் இருப்பது முதுகுப் பக்கம் இல்லை, வலது அடிவயிற்றில். காலுக்குப் போகும் பெரிய தமனியில்தான் அதன் தமனியை இணைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைச் சீண்ட வேண்டாம், இடது தொடையில் எடுப்போம் என்றார் பிளாஸ்டிக் சர்ஜன். நாக்கில் வந்த நோய்க்கு அடிவயிற்றுத் தமனியையும் முன்கைச் சிரையையும் பார்த்துத் திட்டம் போட்டதை நினைத்தால், இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. உடல் உறுப்பு மண்டலங்களைத் தனித்தனிப் பாடமாக நடத்தியவன் நான். அவை ஒரே பாடம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அறுவை ஒன்பது மணி நேரம். அது எனக்குத் தெரியாது, வெளியே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களின் உடம்பு, நெருக்கடி நேரத்தில் தானாக அதைச் சுரக்காது. ஊசியில் கொடுக்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கினால் சிறுநீரகமும் வாடும், புதிதாக வைத்த சதையும் வாடும். நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது, அதிகமானால் சதை வீங்கும். ஃபிஸ்டுலா இருக்கும் கையில் பிரஷர் பட்டை கட்டக் கூடாது. வலிக்கு டைக்ளோஃபினாக் வகை கூடாது. கிருமிக்கு ஜென்டாமைசின் வகை கூடாது. ரத்தம் ஏற்றுவதைக்கூட முடிந்தவரை தவிர்ப்பார்கள், அது காவலர்களுக்குப் புதுப் பகையைக் கற்றுக்கொடுத்துவிடும் என்று.

கண் விழித்தபோது தொண்டையில் மூச்சுக்குத் துளை, மூக்கில் உணவுக்குழாய். பேச முடியாது. பேத்தி தன் சிலேட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். முப்பத்தைந்து வருடம் பலகையில் எழுதியவனுக்கு அது பழகிய வேலைதான். நர்ஸ் பெண்கள் மணிக்கு ஒரு முறை வாயைத் திறந்து டார்ச் அடித்துச் சதையின் நிறம் பார்ப்பார்கள். சிறுநீர் அளவையும் மணிக்கணக்கில் குறிப்பார்கள். என் கட்டிலில் மட்டும் இரண்டு அட்டவணை தொங்கியது.

மாத்திரையை விழுங்க முடியாது, நிறுத்தவும் முடியாது. டாக்ரோலிமஸை நாக்கின் அடியில் வைத்துக் கரைய விடும் வழி ஒன்று உண்டாம். எனக்கு அந்த நாக்கிலேயே தையல்! அதனால் மூக்குக் குழாய் வழியாகக் கரைத்து விட்டார்கள். குழாய் வழியாகப் போகும்போது ரத்தத்தில் அளவு மாறும் என்று அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். நான்காம் நாள் திரவ உணவு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வந்தது. போனதில் மருந்தும் போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. வயிற்றுப்போக்கு வந்தால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் ஏறிவிடும். ஏறியது. 1.3-இல் இருந்த கிரியாட்டினின் 1.9 ஆனது. சிறுநீரக மருத்துவர் இரவு பத்து மணிக்கு வந்து அளவைக் குறைத்துவிட்டுப் போனார். தங்கை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாளாம். மூன்று நாளில் 1.4-க்கு வந்தது. சிலேட்டில் "1.4" என்று எழுதி அவளுக்குக் காட்டினேன். அவள் அதைப் பார்க்காமல், "வலிக்குதா?" என்று கேட்டாள்.

பிறகு வாயில் பூஞ்சைத் தொற்று. அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும் என்பதால், வாயிலேயே விடும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு மருந்துக் கடையில் தொண்டை வலிக்கென்று வலி மாத்திரையை எடுத்து நீட்டினார்கள். என் மனைவி பட்டியலைக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பட்டியல் அவள் பர்ஸில் எப்போதும் இருக்கும்.

அறிக்கை நல்லபடியாக வந்தது. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. நெறிக்கட்டிகளுக்குப் பரவவில்லை. கதிர்வீச்சு தேவைப்படவில்லை. புண் முழுதாக ஆறும்வரை பொறுத்திருந்து, மருந்தில் ஒன்றைக் குறைத்து, எவரோலிமஸ் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். அது முன்பு சொன்ன ஈஸ்டர் தீவு மருந்தின் தம்பி. காவலர்களை அடக்கும், புற்றுநோய் வளர்ச்சிக்கும் கொஞ்சம் முட்டுக்கட்டை போடும். ஆனால் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்; அதனால்தான் அந்தக் காத்திருப்பு.

பேச்சுப் பயிற்சி ஆறு மாதம். ல, ள, ட, ர எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பின. எங்கள் பள்ளித் தமிழய்யா தினமும் மாலை போன் செய்து என்னைப் படிக்கச் சொல்வார். ழ மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. "கவலைப்படாதீங்க, நாக்கு முழுசா இருக்கிறவங்களுக்கே வரல" என்றார் அவர்.

நம் மாநிலத்தில் 2008-இல் ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை அவன் பெற்றோர் தானம் செய்த பிறகு, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானம் பெரிதாக வளர்ந்தது. 2023 முதல் தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. அதனால் உறுப்பு பெற்று வாழ்கிறவர்கள் உங்கள் தெருவிலும் அலுவலகத்திலும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சில வரிகள்:

1. மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நாக்கின் இரு ஓரம், அடிப்பக்கம், கன்னத்தின் உள்பக்கம், உதடு, ஈறு எல்லாம் பாருங்கள். கழுத்தையும் தடவிப் பாருங்கள்.

2. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி எதுவானாலும் வலிக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் காட்டிவிடுங்கள்.

3. பல் பிடுங்கப் போனாலும் உறுப்பு மாற்றிக்கொண்டவர் என்பதை முதலில் சொல்லுங்கள். எந்தப் புது மருந்தும் உங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். நாட்டு மருந்தும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பம்ளிமாஸ் பழமும் டாக்ரோலிமஸுக்கு ஆகாது.

4. புகையிலை, பாக்கு, மது மூன்றும் அறவே வேண்டாம். வெயிலில் தொப்பி, குடை.

5. பெரிய அறுவை என்றால், உங்கள் மாற்று உறுப்பைப் பார்க்கும் மருத்துவரும் அறுவை நிபுணரும் ஒருவரோடொருவர் பேசினார்களா என்று கேளுங்கள். நமக்குக் கேட்கும் உரிமை உண்டு.

6. எதிர்ப்பு அடக்கும் மாத்திரையைப் பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருத்துவர்களாக இருக்கும் என் மாணவர்கள் பிழை இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திவிடுகிறேன். மற்றவர்கள், தெரிந்தவர் யாருக்காவது உதவும் என்றால் பகிருங்கள். போனில் பேசும்போது என் சொல் புரியவில்லை என்றால், தயங்காமல் "சார், இன்னொரு தடவை" என்று கேளுங்கள். வகுப்பில் நீங்கள் அப்படிக் கேட்டபோது நான் கோபப்பட்டதில்லை. இப்போதும் கோபப்பட மாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் ஆசிரியர்